நாலாவது வரிசையில் இருந்தவர்

போன ஞாயிறு எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. மேடையில் ஐந்து கதிரை, ஐந்து பொன்னாடை. பிரதம விருந்தினரான அரசியல்வாதி ஒன்றேகால் மணித்தியாலம் பிந்தி வந்தார், பொன்னாடையை வாங்கினார், பத்து நிமிடம் பேசினார், அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். நாலாவது வரிசையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து எங்கள் ஒழுங்கை ஐயாவும் கைதட்டினார்.

ஐயா பாராளுமன்றத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அறிவிப்பாளர் தம்பிக்கு அது தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பக்கத்து வளவுக்காரனான நானே மூன்று வருடத்துக்கு முன்பு வரைக்கும் "கொழும்பில ஏதோ கந்தோரில இருந்தவர்" என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தியவன்னா ஓயாவில் இருக்கிற அந்தச் சபையில் 225 பேர். தமிழில் ஒருவர் எழும்பிப் பேசினால் பெரும்பாலானவர்களுக்கு விளங்காது. காதுக்கருவியை மாட்டிக்கொள்வார்கள். கண்ணாடி அறைக்குள் இருக்கிற ஒருவர், பேச்சு முடியும் வரைக்கும் காத்திராமல், கேட்கக் கேட்கவே சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போவார். நம் உறுப்பினர்கள் சபையில் முழங்கினார்கள் என்று பேப்பரில் வாசிக்கிறோமே, அந்த முழக்கம் அடுத்த பக்கத்து வாங்கில் இருந்தவரின் காதில் விழுந்தது இவருடைய குரலில்தான்.

இன்னொன்று. சபைப் பேச்சுகளை அச்சில் பதிகிற ஹன்சாட்டில் யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும். தமிழ்ப் பேச்சு தமிழில், சிங்களப் பேச்சு சிங்களத்தில். அப்படியென்றால் ஐயா முப்பது வருடம் பேசியதெல்லாம் எங்கே? அதில் அவருடைய சொல் ஒன்றுகூட இல்லை.

போன தை மாதம் திண்ணையில் பனங்கிழங்குக்குத் தும்பு உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கதை சொன்னார். உறுப்பினர் ஒருவர் பேச்சின் நடுவில் "வேலியே பயிரை மேய்ந்தால்" என்று எடுத்துவிட்டாராம். யோசிக்க நேரமில்லை. ஐயாவுக்கு உடனே வாயில் வந்தது சிங்களப் பழமொழி: "வெட்டத் நியரத் கொயம் கா நம்." வேலியும் வரம்பும் நெல்லைத் தின்றால் யாரிடம் போய் முறையிடுவது என்று அது போகும். எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பை எந்தப் பொன்னாடையும் கொண்டுவராது.

அடுத்ததாகச் சொன்ன கதைக்குச் சிரிப்பு இல்லை. உரைபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்வதில்லை. பேசுகிறவரின் இடத்தில் நின்று "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த நவம்பரில் ஐயாவின் அம்மா எங்கே இருக்கிறார் என்று ஒரு தகவலும் இல்லை. சபையில் அந்த இடப்பெயர்வைப் பற்றிப் பேச்சு வருகிறது. "என்னுடைய மக்கள் மழையில் தெருவில் நிற்கிறார்கள்" என்பதை இவர் சிங்களத்தில் சொல்ல வேண்டும், குரல் தழுதழுக்காமல். கொஞ்ச நேரத்தில் அரசாங்கப் பக்கத்தில் ஒருவர் பதில் சொல்கிறார். அதையும் இவர்தான் தமிழில் "நான்" என்று சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

"நான் ரெண்டு பேராயும் இருந்தனான் தம்பி" என்றார். பிறகு உரித்த கிழங்கை முறித்து எனக்கு ஒரு பாதி தந்தார்.

நாங்கள் யாருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒலிவாங்கி கிடைத்தவருக்கு. அந்தப் பேச்சைச் சுமந்தவருக்கு இல்லை. கைதடியில் வடமாகாண சபை 2013 இலிருந்து 2018 வரைக்கும் இயங்கியது. 38 உறுப்பினர்களில் ஒரு பத்துப் பெயரையாவது சொல்லிவிடுவீர்கள். அங்கே மேசையில் குனிந்து இருந்து எழுதிய ஊழியர்களில் ஒருவர் பெயர்? எனக்கும் தெரியாது.

தமிழும் அரச கரும மொழி என்று 13 ஆவது திருத்தம் 1987 இல் எழுதி வைத்தது. சரி, எழுதி வைத்தால் மட்டும் போதுமா? இரண்டு மொழியும் தெரிந்த ஆள் கவுண்டரில் இல்லாவிட்டால் இன்றைக்கும் நாம் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறோம். ஐயாவிடம் சொற்களை எழுதி வைத்த ஆறு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. மூன்று பத்தி, மூன்று மொழி. ஒரு பக்கத்தில் "உயர் பாதுகாப்பு வலயம்" என்பதற்குக் கீழே "கருப்பணி", அதற்குக் கீழே "கூப்பன் கடை". பென்சிலால் எழுதி, பிறகு மையால் திருத்தியது. அவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால், நிலையத்துக்காரர் அந்தக் கொப்பிகளைத் தட்டச்சு செய்து புத்தகமாக்கட்டும். பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் உயர்தரப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்புப் படிப்பிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும். கதிரைச் செலவுக்கு நான் பொறுப்பு.

இதைப் போடுவதற்கு முன்பு அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். பெயரை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். "மகத்தான சேவை" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன், அதையும் வெட்டினார். "அது நான் கேட்ட பேச்சில இல்லை" என்றார்.