வருஷத்துக்கு ஒரு அரை மணி நேரப் பேய்

லண்டனில் டிசம்பர் கடைசியில் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நான் வந்த முதல் வருஷம், வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மரத்தில் தொங்கிய சின்ன விளக்குகளைக்கூட விடாமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய பிபிசி படம் ஒன்றைப் போட்டார். பேய்ப் படம். பண்டிகை நாளில் இதென்ன என்று எனக்கு ஒரே குழப்பம்.

இன்று அந்த வழக்கம் இல்லாமல் எனக்குக் கிறிஸ்துமஸே இல்லை.

இது தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. நீண்ட குளிர்கால இரவில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை சொல்வது இங்கிலாந்தில் ரொம்பப் பழைய பழக்கம். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எம்.ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைத் தன் அறைக்கு அழைத்து, ஒரே ஒரு மெழுகுவத்தியை மட்டும் எரியவிட்டு, தான் எழுதிய கதையை வாசித்துக் காட்டுவார். 1971இல் இயக்குநர் லாரன்ஸ் கார்டன் கிளார்க் பிபிசிக்காக அவர் கதை ஒன்றைப் படமாக்கினார். அப்புறம் 1978 வரை வருஷத்துக்கு ஒன்று, மொத்தம் எட்டு. முதல் ஐந்தும் ஜேம்ஸ் கதைகள்.

இவற்றில் பேய் பாய்ந்து வராது. 1972இல் வந்த ‘எ வார்னிங் டு தி க்யூரியஸ்’ படத்தில், வேலை போன ஒரு குமாஸ்தா பழைய கிரீடம் ஒன்றைத் தேடி நார்ஃபோக் கடற்கரைக்கு வருகிறார். மூலக்கதையில் அவர் ஓர் இளைஞர். பொருளாதார மந்த காலத்தில் பிழைப்பு போன நடுவயதுக்காரராக அவரை மாற்றியது கிளார்க். அந்த ஒரு மாற்றத்தால் அவர் பேராசைக்காரராக இல்லாமல் நம் தெருக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். அவருக்குப் பின்னால் வெகு தூரத்தில், பட்டப்பகலில், கறுப்பாக ஓர் உருவம் நிற்கிறது. அவ்வளவுதான். ஜான் மெக்லாஷனின் கேமரா அதன் பக்கத்தில் போவதற்கு அவசரமே படாது. அந்தத் தூரம்தான் பயம். முகத்தைக் காட்டியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன்.

ஆனால் என் நெஞ்சில் நின்றது 1976இல் வந்த ‘தி சிக்னல்மேன்’. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் கதை. 1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் பக்கத்தில் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்த பாலத்தில் ரயில் கவிழ்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். அந்த ரயிலில் டிக்கன்ஸும் இருந்தார். உயிர் போய்க்கொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர். அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் இதழுக்கு அவர் எழுதியது இந்தக் கதை. சுரங்கப்பாதை வாசலில் தனியாக வேலை பார்க்கும் ஒரு சிக்னல்காரர். சிவப்பு விளக்கடியில் ஓர் உருவம் இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு வலது கையை வீசுகிறது. ஏதோ ஆபத்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். எங்கே, எப்போது என்று தெரியாது. தெரியாததை மேலிடத்துக்கு எப்படித் தந்தி அடிப்பது? கடமை தவறாத ஒரு மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை அந்த வேடத்தில் நடித்த டென்ஹோம் எலியட் கண்களாலேயே காட்டிவிடுவார். பேயைவிட அந்த இயலாமைதான் என்னை நடுங்க வைத்தது.

1978க்குப் பிறகு அந்தத் தொடர் நின்றுபோனது. மறுபடி தொடங்கியது 2005இல். இடையில் ஒரு தலைமுறையே அது இல்லாமல் வளர்ந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் நடிகரும் எழுத்தாளருமான மார்க் கேட்டிஸ் எழுதி இயக்குகிறார். எல்லாமே பழையதுக்கு ஈடாகாது; சிலவற்றில் பேயைக் கொஞ்சம் அதிகமாகவே காட்டிவிடுகிறார்கள். இருந்தாலும் அவர் விடாமல் செய்கிறார், அதற்காகவே அவருக்குக் கும்பிடு. வருஷத்துக்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்குவது ஒரு பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் பெரிய செலவா? இதை எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி நிறுத்திவிடக் கூடாது.

செயலியில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்பார்கள். ஜூலை மாதம், பஸ்ஸில், காதில் இயர்போனோடு பார்த்தால் அது வெறும் படம். வெளியே இருட்டு, உள்ளே உறவெல்லாம் கூடியிருக்கும் சூடு, அதே நேரத்தில் பக்கத்து வீட்டிலும் இதையேதான் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு. இதெல்லாம் சேர்ந்தால்தான் பேய் வரும்.

போன வருஷம் 24ஆம் தேதி இரவு, எல்லார் போனையும் சமையலறையில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, பன்னிரண்டு வயது மகளுக்கு ‘தி சிக்னல்மேன்’ போட்டுக் காட்டினேன். முடிந்த பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: “அது ஏம்ப்பா முகத்தை மூடிக்கிச்சு?”

விளக்கைப் போட எழுந்தேன். “இப்ப வேணாம்ப்பா” என்றாள்.