மாவலி சுற்ற மொட்டைமாடி கிடைக்குமா?

கார்த்திகை நெருங்கினால் போதும், "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளைகள் செல்போனிலேயே கிடக்கிறார்கள், பண்டிகை மேல் பிடிப்பே இல்லை என்று பழியைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டுவிடுவது நமக்கு வசதி. என்னைக் கேட்டால் பெற்றவர்களைத்தான் சொல்வேன்.

நான் வளர்ந்தது செஞ்சிப் பக்கம். எங்களுக்குத் தீபாவளியைவிடக் கார்த்திகைதான் பெரிது. காசு கேட்காத பண்டிகை, அதனால்கூட இருக்கலாம். அகல், அடை, பொரி உருண்டை எல்லாம் பெரியவர்கள் பாடு. தீப்பொறி பறக்கக் கயிற்றில் கட்டிச் சுற்றுகிற மாவலி மட்டும் எங்கள் பொறுப்பு. ஆண் பனையில் விரல் விரலாகத் தொங்கும் பனம்பூவைப் பொறுக்கிக் காயவைப்போம். குழி தோண்டி, அதில் போட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். முந்தினால் சரியாகக் கரியாகாது, பிந்தினால் சாம்பல்தான் மிஞ்சும். அந்தப் பதம் பெரிய அண்ணன்களுக்குத்தான் தெரியும். கரியை இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் வைத்துச் சுருட்டி, பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டிக் கயிறு போட்டால் மாவலி தயார். கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி கொட்டும். "மாவலியோ மாவலி" என்று தெருவே கத்தும். சட்டையில் பொத்தல் விழாமல் வீடு திரும்பியவன் எவனும் இல்லை.

திருவண்ணாமலையில் ஆறு மணிக்கு மகாதீபம் ஏற்றிய பிறகுதான் எங்கள் வீட்டில் விளக்கு. "மலையில ஏத்தியாச்சா பாருடா" என்று ஆயா மாடிக்கு விரட்டுவார். பாதி வருஷம் மேகம்தான் தெரியும். கார்த்திகை மாச வானம், வேறென்ன?

கத்தி, உலக்கை, நெருப்பு மூன்றையும் எங்களிடம் விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள் அந்தப் பெரியவர்கள். அதுதான் இன்றைக்கு என்னை ஆச்சரியப்படுத்துகிறது.

இப்போது சென்னையில் அடுக்குமாடி வாசம். கார்த்திகைக்கு முன்னால் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்துவிடும்: படிக்கட்டில் எண்ணெய் விளக்கு கூடாது, பேட்டரி விளக்கு வைக்கலாம். சரி, முந்தானையில் தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது? ஒப்புக்கொள்கிறேன். 2024 டிசம்பரில் திருவண்ணாமலை மண்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருஷ மகாதீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. அதுவும் நியாயம்தான். ஆனால் மொட்டைமாடியில் மாவலி சுற்றிக்கொள்ளவா என்று கேட்டதற்கு வந்த பதில், "குழந்தைகளுக்கு ஆபத்து சார்." ஒரு மாதம் முன்பு மூன்று வயதுக் குழந்தை கையில் கம்பி மத்தாப்பைக் கொடுத்து வீடியோ எடுத்தவர்கள் சொல்கிறார்கள்! எரிகிற மத்தாப்பின் நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெட்டியில் அடைத்து விலை ஒட்டி வந்தால் பயமில்லை, நாமே செய்தால்தான் பயம்.

போன கார்த்திகைக்கு மகளை ஊருக்குக் கூட்டிப்போனேன். பனைகள் நிற்கின்றன; 2021-லிருந்து கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது. மரம் இருக்கிறது, குழி மூடும் பதம் தெரிந்த கைதான் ஊரில் அகப்படவில்லை. கடைசியில் திருவண்ணாமலையில் விற்றதைத்தான் வாங்கினோம். உண்மையைச் சொன்னால் நாங்கள் கட்டியதைவிட நன்றாகவே பொறி விட்டது. நாலு சுற்றில் எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மகள் அசராமல் சுற்றினாள். அணைந்ததும் மட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதை நாம செய்ய முடியாதாப்பா?" என்றாள். செல்போன் ஞாபகமே அவளுக்கு இல்லை.

இந்த வருஷமும் மொட்டைமாடி கேட்டு எழுதிக் கொடுக்கப்போகிறேன். மணல், வாளித் தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. விழுப்புரம், செஞ்சிப் பக்கம் பனம்பூவைப் பதமாகச் சுடத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். மகளோடு வருகிறேன், குழி நானே தோண்டுகிறேன்.