மலை எடுத்துக்கொண்ட காற்றைத் திரும்ப வாங்கத்தான் டர்போ

வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவிதான் டர்போ. உயரமான இடத்தில் ஓடுகிற வண்டிக்கு, தனியாக வாங்கிப் பொருத்தும் டர்போ கிட் போடுவது நியாயமான செலவு என்பது என் கட்சி. ஆனால் உயரம் எவ்வளவு காற்றை எடுத்துக்கொண்டதோ அவ்வளவைத் திரும்ப வாங்குகிற வரைக்கும்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பிஸ்டனிலிருந்து ஆரம்பித்து இன்ஜினையே மறுபடி கட்ட வேண்டும். ஜோகன்னஸ்பர்கில் டியூனிங் பட்டறை வைத்திருக்கும் நான் வருகிற பையன்கள் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான். சிலர் கேட்கிறார்கள். பலர் "அங்கிள், இன்னும் மூன்று பிஎஸ்ஐ மட்டும்" என்கிறார்கள். பிஎஸ்ஐ என்பது டர்போ திணிக்கும் அழுத்தத்தை அளக்கும் அலகு.

இப்போது இதை விரிவாக எழுதக் காரணம், கனடாவின் கால்கரியில் வேலை செய்யும் என் தங்கை மகன். குளிர்காலம் வந்தால் சனி ஞாயிறில் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்கு ஸ்னோமொபைலை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கிக்கு இருப்பது மாதிரி ஓடும் ரப்பர் பட்டை, நடுவில் ஒரு இன்ஜின். ஓட்டுகிறவர்கள் ஸ்லெட் என்பார்கள். "மாமா, 850 சிசி ஸ்லெட்டுக்கு ஒரு டர்போ கிட் பார்த்து வைத்திருக்கிறேன், போடலாமா?" என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி இங்கே லெனேசியா, மிட்ராண்ட் பகுதிப் பையன்களுக்கும் பொருந்தும்.

முதலில் காற்றுக் கணக்கு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஜோகன்னஸ்பர்க் 1,753 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே சுமார் 82. கடலோர டர்பனில் ஒரு இன்ஜின் உறிஞ்சுகிற காற்றில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இங்கே கிடைப்பதில்லை. காற்று குறைந்தால் எரிக்க முடிகிற பெட்ரோலும் குறைகிறது, பவரும் அதே அளவுக்கு இறங்குகிறது. டர்பனிலிருந்து குடும்பத்தோடு என்3 நெடுஞ்சாலையில் ஏறி வருகிறவர்கள் வான் ரீனன் கணவாய் தாண்டியதும் "வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது, பிளக் போய்விட்டதா பாருங்கள்" என்று பட்டறைக்கு வருவார்கள். பிளக் நன்றாகவே இருக்கும். மருமகன் ஓட்டும் மலைகளில் 2,400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் 76 அளவுக்கு இறங்கிவிடும். கீழே 165 குதிரைத்திறன் தரும் ஸ்லெட், அங்கே 120-ஐ ஒட்டித்தான் நிற்கும். இடுப்பளவு பஞ்சுப் பனியில் செங்குத்தாக ஏறும்போது அந்தக் குறை ஒவ்வொரு அடியிலும் தெரியும். அவன் கேட்பது ஆடம்பரம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உயரத்தை வெல்லத்தான் டர்போவுக்கு முதல் பெரிய சோதனையே நடந்தது. 1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான இன்ஜின் ஒன்றை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கிட்டத்தட்ட 4,300 மீட்டர். டர்போ பொருத்தியதும், தரையில் கொடுத்த பவரை அந்த இன்ஜின் உச்சியிலும் கொடுத்தது. நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1979-ல் கயலாமியில் நடந்த தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரெனோ டர்போ காரை ஓட்டிய ஜாபூய் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். அடுத்த வருடம் அதே கயலாமியில் முன்வரிசை இரண்டும் ரெனோவுக்கே. ஜாபூய் பஞ்சராகி வெளியேற, இன்னொரு ரெனோவை ஓட்டிய அர்னூ ஜெயித்தார். மேட்டுநிலக் காற்றில் மற்றவர்களின் இன்ஜின்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, டர்போ கார்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. கயலாமி என் பட்டறையிலிருந்து தொலைவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ரேஸ்தான் நினைவுக்கு வரும்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். டர்போ திணிக்கும் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். டாஷ்போர்டில் ஒட்டிவைக்கும் பூஸ்ட் மீட்டர், வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான் காட்டும். சிலிண்டருக்குள் போகிற மொத்த அழுத்தத்தைக் காட்டாது. 7 பிஎஸ்ஐ என்பது 48 கிலோபாஸ்கல். டர்பனில் 7 பிஎஸ்ஐ என்றால் 101-உம் 48-உம் சேர்ந்து 149 கிலோபாஸ்கல். அதே வண்டி அதே 7 பிஎஸ்ஐயோடு ஜோபர்குக்கு வந்தால் 130. பையன் மந்தமாக இருக்கிறது என்று பூஸ்ட் கன்ட்ரோலரைத் திருகி 10-க்கு ஏற்றுகிறான், 151. அதுவரை தப்பே இல்லை, டர்பனில் இருந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறான். டிசம்பர் லீவு வருகிறது, ஜோபர்கே டர்பன் கடற்கரைக்கு இறங்குகிறது. கன்ட்ரோலரை யாரும் தொடுவதில்லை. கடற்கரையில் அந்த 10 பிஎஸ்ஐ 170 கிலோபாஸ்கல் ஆகிவிடும், கூடவே டிசம்பர் வெக்கை. டேங்கில் இன்னும் ஜோபர்கில் அடித்த 93 பெட்ரோல். லீவு முடிந்து ஜனவரியில் டோ டிரக்கில் வருகிற வண்டிகளைத் திறந்து பார்த்தால் பிஸ்டன் விளிம்பு உடைந்திருக்கும், ரிங் நொறுங்கியிருக்கும். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வரும் வண்டிகளில் கம்ப்யூட்டர் மொத்த அழுத்தத்தை அளந்து தானே சரிசெய்துகொள்ளும். திருகு வைத்த மலிவு கிட்டில் அந்தக் காவல் கிடையாது.

அந்த 93 பற்றி இரண்டு வார்த்தை. மேட்டுநிலத்தில் 93 ஆக்டேன் விற்பதற்குக் காரணம், டர்போ இல்லாத இன்ஜினுக்குள் காற்று குறைவாகப் போவதால் நாக்கிங், அதாவது கலவை தானாகவே கண்டபடி வெடிப்பது, வரும் வாய்ப்பும் குறைவு. ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் திறனும் கூடும். டர்போ போட்டதும் அந்தக் காரணம் செத்துப்போகிறது. உள்ளே கடல் மட்ட அழுத்தத்தை உண்டாக்கிவிட்டு மேட்டுநிலப் பெட்ரோலை ஊற்றினால் இன்ஜின் எப்படித் தாங்கும்? 95 போடுங்கள். லிட்டருக்கு மிச்சமாகும் சில்லறைக்காக இதில் விளையாடாதீர்கள். அப்படியே, பவரை அளக்கும் டைனோ இயந்திரம் தரும் தாளையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். உயரத்துக்காகக் கணக்கில் கூட்டிக்கொள்ளும் திருத்தம் டர்போ இல்லாத இன்ஜினுக்காக வகுத்தது. டர்போ வண்டிக்கும் அதே திருத்தத்தைப் போட்டால் தாளில் எண் ஊதிப்போய்த்தான் வரும். அதை நம்பி நண்பனோடு பந்தயம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஸ்லெட்டுக்கு வருகிறேன். மலையில் ஓடும் 850-கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக், நம் பழைய ஆர்எக்ஸ் 100 மாதிரி. காரில் இருப்பது போன்ற வால்வுகள் இதில் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போதே துவாரங்களைத் திறந்து மூடும். ஒரு கட்டத்தில் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் சேர்ந்தே திறந்திருக்கும். அந்த நேரத்தில் புதுக்காற்று வெளியே ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது வயிறு பருத்த எக்சாஸ்ட் குழாய். அதிலிருந்து திரும்பி வருகிற அழுத்த அலை அதை உள்ளே தள்ளும். டர்போவை அந்தக் குழாய்க்குப் பின்னால் பொருத்தும்போது எக்சாஸ்ட் பக்கத்து அழுத்தமே மாறிவிடுகிறது, குழாயின் தாளமும் மாறுகிறது. கார் டர்போவில் கை தேர்ந்தவர் என்பதற்காக ஒருவரிடம் ஸ்லெட்டைக் கொடுத்துவிடக் கூடாது. காரில் டர்போவின் பேரிங்குக்கு இன்ஜின் எண்ணெயே ஓடும். டூ ஸ்ட்ரோக்கில் அடியில் எண்ணெய்த் தொட்டியே இல்லை. கிட் செய்தவர் அந்த எண்ணெய்க்கு என்ன வழி வைத்திருக்கிறார் என்பதை வைத்தே அவர் வேலையை எடைபோடலாம்.

வெப்பம் இன்னொன்று. காரை முழு த்ராட்டிலில் எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? சில நொடி, பிறகு சிக்னல் வந்துவிடும். ஸ்லெட் ஒரு சரிவில் ஏறத் தொடங்கினால் உச்சி வரை த்ராட்டிலை அழுத்தும் கட்டைவிரலை எடுக்க முடியாது. எடுத்தால் பனியில் புதைந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு. கலவையில் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் போதும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழ நேரமே ஆகாது. காலையில் மைனஸ் 20 டிகிரி, மதியம் சுழியை ஒட்டி. காற்றின் அடர்த்தி ஒரே நாளில் அவ்வளவு மாறுகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற மாதிரி, எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் மேப் எழுதியிருக்க வேண்டும், பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டரோ கூடுதல் இன்ஜெக்டரோ இருக்க வேண்டும், பம்ப் அதற்குத் தாங்க வேண்டும். எக்சாஸ்ட் வெப்பமானி இல்லாமல் கிட் ஓட்டவே வேண்டாம். என்னிடம் பணம் குறைவாக இருந்தால் டர்போவைச் சின்னதாக வாங்கி, மிச்சத்தை இவற்றில்தான் போடுவேன்.

அப்புறம் கிளட்ச். ஸ்லெட்டில் கியர் கிடையாது, நம் ஸ்கூட்டர் போல பெல்ட்டும் இரண்டு புல்லிகளும். புல்லிக்குள் இருக்கும் எடைகள்தான் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. மலைக்குப் போகிறவர்கள் பவர் குறைவு என்பதால் அந்த எடைகளைக் குறைத்து வைத்திருப்பார்கள். டர்போ போட்டு பவரைத் திரும்ப வாங்கியதும் எடையையும் ஸ்பிரிங்கையும் மாற்றாவிட்டால் இன்ஜின் எல்லை மீறிச் சுற்றும், பெல்ட் சூடேறி நடுமலையில் வெடிக்கும். கிட் விலையைச் சொல்கிறவர்கள் இதன் விலையைச் சேர்த்துச் சொல்வதே இல்லை.

கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2020 மாடலாக ஸ்கி-டூ கொண்டுவந்த சம்மிட் 850 ஈ-டெக் டர்போதான் கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த முதல் டூ ஸ்ட்ரோக் ஸ்லெட். டர்போ இல்லாத 850 கீழே கொடுக்கும் அதே 165 குதிரைத்திறனை 2,400 மீட்டர் வரை விடாமல் கொடுப்பதுதான் அதன் வாக்குறுதி. 250 ஆக்கிக் காட்டுகிறேன் என்று அவர்கள் கிளம்பவில்லை. பிறகு வந்த டர்போ ஆர் கூட 180-ல் நிற்கிறது. அவ்வளவு பொறியாளர்களும் சோதனைக்கூடமும் கையில் வைத்திருக்கிறவர்கள் அந்தக் கோட்டில் நின்றிருக்கிறார்கள். 2022 மாடலுக்கு போலாரிஸும் பேட்ரியாட் பூஸ்ட் என்று தன் டர்போவைக் கொண்டுவந்தது. அதனால் புதிதாக வாங்கப் போகிறவர் என்னிடம் கேட்டால், கம்பெனி டர்போவையே வாங்குங்கள் என்பேன். வாரன்டி உண்டு, கூட்டாளிகள் யார் ஓட்டினாலும் தாங்கும். கையில் நல்ல ஸ்லெட் இருக்கிறது, மாற்ற மனமில்லை என்பவருக்குத்தான் கிட். 2,400 மீட்டரில் கீழிருந்த பவரைத் திரும்ப வாங்க ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ போதும். அதைச் சொன்னால் "அவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அந்த 4 பிஎஸ்ஐ நாற்பது குதிரை தருகிறது ஐயா, அது சின்ன விஷயமா? டர்பன் கதை அங்கேயும் உண்டு: உச்சிக்கென்று டியூன் செய்த ஸ்லெட்டை அடிவாரப் பாதையில் அதே பூஸ்டில் விரட்டக் கூடாது. தாழ்வுக்கு ஒரு மேப் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: கிட் போட்டால் இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பிறகு கிளெய்ம் மறுக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. விபத்துக்கும் டர்போவுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் மறுக்க அது ஒரு காரணமாகிவிடும்.

மருமகனுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எனக்கு டர்போவை விட இதுதான் முக்கியம். பவர் கூடினால் முன்பு பாதியில் நின்ற சரிவில் முழுக்க ஏறலாம். யார் உயரத்தில் தடம் பதிப்பது என்று ஒருவர் பின் ஒருவராக ஏறும் போட்டி அங்கே வழக்கம். பனிச்சரிவுகள் பெரும்பாலும் நடப்பது 30-லிருந்து 45 டிகிரி சாய்வில். டர்போ போட்ட ஸ்லெட் கொண்டுபோய் நிறுத்துவதும் அதே சாய்வில்தான். ஏறுகிறவரின் எடையும் ஸ்லெட்டின் எடையும் சேர்ந்து பலவீனமான பனி அடுக்கை உடைக்கும், கீழே நின்று வேடிக்கை பார்க்கிறவர்களையும் சேர்த்து மூடிவிடும். ஆகவே மாப்பிள்ளை, கிட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்துவிடு. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்சீவர் உடம்பில் இருக்க வேண்டும். மண்வெட்டியும் துழாவு கம்பியும் உன் முதுகுப் பையில் இருக்க வேண்டும், ஸ்லெட்டில் கட்டிவைத்தால் ஸ்லெட்டோடு போய்விடும். கூட வருகிறவர்களிடமும் இவை இருக்கிறதா என்று கேள், ஏனென்றால் உன்னைத் தோண்டி எடுக்கப் போவது அவர்கள்தான். ஓட்டப் போகிற அன்று காலை, பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அறிவிப்பைப் படி. சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறுங்கள், மற்றவர்கள் கீழே வெட்டவெளியில் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். இதெல்லாம் ஆன பிறகு கிட்டின் விவரத்தை அனுப்பு. இன்ஜெக்டர் அளவு, எண்ணெய் வழி, கிளட்ச் எடை மூன்றையும் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.