திட்டினால் திறமை வளர்ந்துவிடாது

கிடங்கு ஒன்றில் நம் தமிழ் மேலாளர் ஒருவர் ஓர் இளம் ஊழியரை எல்லார் முன்னிலையிலும் கத்தி ஏசும் காணொலி இந்நேரம் உங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுக்களுக்கெல்லாம் வந்து சேர்ந்திருக்கும். நான் அதை இங்கே மீண்டும் பகிரப் போவதில்லை. மேலாளர் கத்தியதில் எனக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. பினாங்கில் இத்தனை காலம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்கு அது காலை வணக்கம் மாதிரி. என்னைக் கொதிக்க வைத்தது, நம் தன்முனைப்புப் (மோட்டிவேஷன்) பேச்சாளர் ஒருவர் அதையே எடுத்துப் போட்டு, தலைவர்கள் இத்தகைய கண்டிப்பில்தான் உருவாகிறார்கள் என்று பாடம் நடத்தியதும், அதன் கீழே வரிசையாக விழுந்த கைகூப்புக் குறிகளும்தான். அத்தனை பேர் முன்னிலையில் தலைகுனிந்து நின்ற அந்தத் தம்பி எதைக் கற்றுக்கொண்டான் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு தொழிலாளியின் வேலைத்தரத்தைப் பெருமளவு நிர்ணயிப்பவர் அவருக்கு நேர் மேலே இருக்கும் சூப்பர்வைசர். அவர் அன்றாடம் எப்படிப் பேசுகிறார், தவறு நேர்ந்தால் முதலில் என்ன கேட்கிறார் என்பதுதான் அந்த இடத்தின் பண்பாடு. வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய வாசகங்கள் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ஹோட்டல் மண்டபத்தில் பலூன் உடைத்துக் கைதட்டும் நிகழ்ச்சியும் அல்ல.

என் வேலை பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாசில், மின்னணுச் சில்லுகளில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் பிரிவில் தொடங்கியது. ஒரு ஷிப்டின் சூப்பர்வைசர், ரிஜெக்ட் (பழுதென்று ஒதுக்கப்படும் துண்டுகள்) கூடினால் லைன் நடுவிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏசுவார். அவருடைய ஷிப்டில் ரிஜெக்ட் எப்போதும் குறைவு. மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர். உண்மையில் அங்கே சந்தேகமான துண்டை எவரும் எடுத்து வைப்பதில்லை, வாயை மூடிக்கொண்டு அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். சோதனைப் பிரிவில் அது பிடிபடும்போது யார் கையில் கெட்டது என்றே தெரியாது. இன்னொரு ஷிப்டில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி லைன் லீடராக இருந்தார். அவரைக் ‘காக்’ (மலாயில் அக்கா) என்றே அழைப்போம். கம்பி அறுந்துகொண்டே இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு நம் பக்கத்தில் உட்கார்ந்து, நுண்ணோக்கியை நம்மிடமே தள்ளி, என்ன தெரிகிறது என்று கேட்பார். நாம் சொன்ன பிறகே தாம் குனிந்து பார்ப்பார். அவருடைய ஷிப்டில் ரிஜெக்ட் கணக்கு அதிகமாக இருந்தது, ஏனென்றால் அங்கே எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. கம்பி இறங்கும் கேப்பிலரி முனை தேய்ந்துபோனதை முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவருடைய ஆட்களாகவே இருப்பார்கள். பதவி உயர்வு இருவரில் யாருக்குக் கிடைத்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இது எங்கள் தொழிற்சாலையில் மட்டும் நடந்த அதிசயமும் அல்ல. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை வாய்த்த குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் மற்றவர்களைவிட மோசமாக வேலை செய்யவில்லை, பயமின்றிச் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். கூகுள் நிறுவனம் 2008இல் தன் மேலாளர்களைப் பற்றித் தானே ஆராயத் தொடங்கி, நல்ல மேலாளரின் எட்டுப் பண்புகளைப் பட்டியலிட்டது. முதலிடத்தில் இருந்தது நல்ல பயிற்றுநராக இருப்பது. தொழில்நுட்பத் திறன் எட்டாவது. கத்துவது ஒன்பதாவதாக வந்து இடம் கிடைக்காமல் போயிருக்கலாம்.

எங்கள் காலத்தில் ஏச்சு வாங்கித்தான் முன்னேறினோம் என்று கிளம்பி வருவார்கள், தெரியும். அந்த ஏச்சு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அன்றைய மலாயாத் தோட்டத்தில் வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும், ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆளை நிறுத்துவதற்குக் காசு, வேலை கற்றுக்கொடுப்பதற்கு அல்ல. ஆகவே அவர் அதட்டினார், அவர் கணக்கில் அது சரி. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்ததோடு கங்காணி வழி ஆள்சேர்ப்பு முடிந்துபோனது. அந்தக் குரல் மட்டும் குளிரூட்டிய அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஏச்சு வாங்கிய என் தாத்தா, அதனால் தாம் முன்னேறியதாக ஒருநாளும் சொன்னதில்லை.

சிறு முதலாளிகள் கேட்பதில் நியாயம் உண்டு. வாடகை, ஆள் பற்றாக்குறை, நாளைக்கே அனுப்ப வேண்டிய சரக்கு என்று ஓடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் ஏது? மறுக்கவில்லை. ஆனால் 10 மலேசிய ஊழியர்களுக்குக் குறையாமல் வைத்திருக்கும் பெரும்பாலான நிறுவனங்கள், மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை, ஊழியர் பயிற்சிக்கான அரசு அமைப்பான எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாக (கட்டாயக் கட்டணமாக) கட்டிக்கொண்டுதானே இருக்கின்றன? பயிற்சிக்கென்றே உள்ள அந்தப் பணத்தில் நாம் யாரை அனுப்புகிறோம்? ஏச்சு வாங்கியவனை, அதுவும் மனவலிமைப் பயிற்சிக்கு! ஏசிய சூப்பர்வைசருக்கு, இன்னொருவருக்கு வேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எவரும் கற்றுத்தந்ததில்லை. மெஷினை நன்றாக ஓட்டினார் என்பதற்காக நேற்றுவரை ஆப்பரேட்டராக இருந்தவரை இன்று மேலே ஏற்றினோம், அத்துடன் நம் கடமை தீர்ந்தது.

நேற்று அந்த மேலாளருக்காகப் பரிந்து பேச உள்பெட்டியில் ஒரு நண்பர் வந்தார். “நம்ம ஆளுண்ணே, கோயிலுக்கு நிறையச் செய்கிறவர், உரிமையோடு நாலு வார்த்தை பேசிட்டாரு, பெரிசு பண்ணாதீங்க” என்றார். அந்த உரிமை ஏன் தமிழ்ப் பையன்களிடம் மட்டும் பொங்கி வழிகிறது? அதே கிடங்கில் வேலை செய்யும் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் அவர் குரல் இறங்கிப் பேசுவதை நண்பரே அறிவார். கோயிலுக்குச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. அதைக் காட்டி ஒரு பையனின் மானத்துக்குக் கணக்கு முடிக்காதீர்கள் என்கிறேன். இதற்காக என்னைச் சமுதாயத்தைக் காட்டிக்கொடுப்பவன் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

பிறகு, நம் பிள்ளைகள் விசுவாசம் இல்லாதவர்கள், இரண்டு வெள்ளி கூடக் கிடைத்தால் சிங்கப்பூருக்கு ஓடிவிடுகிறார்கள் என்று புலம்புகிறோம். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பை யார் மறுத்தார்கள்? ஆனால் பாயான் லெப்பாசுக்குள்ளேயே, அதே சம்பளத்துக்கு, எதிர்ச்சாரித் தொழிற்சாலைக்கு மாறிப் போகிறானே, அவன் எந்த வெள்ளியைத் தேடிப் போகிறான்?