கெல்ம்ஸ்காட் வீட்டின் கல் கூரை

இங்கிலாந்தின் பழைய கல் வீடுகள் என்றாலே பிரபுக்களின் மாளிகைகளைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என் மனம் நிற்பது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில் இருக்கும் கெல்ம்ஸ்காட் மேனரில். 1600ஆம் ஆண்டை ஒட்டி ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய வீடு அது. பெயர் தெரியாத கொத்தனார்கள் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில் எழுப்பியது.

முதலில் பார்க்க வேண்டியது கூரையை. ஓடுகளும் கல்தான். முகட்டில் சின்னஞ்சிறு ஓடுகளாகத் தொடங்கி, வரிசைக்கு வரிசை பெரிதாகிக்கொண்டே வந்து, கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தில் பெரிய பலகைக் கற்களாக முடிகிறது. வெறும் அழகுக்காகச் செய்ததல்ல. மழைநீர் முழுவதும் வந்து சேரும் இடம் இறவாணம். அங்கே கல் பெரிதாக இருந்தால் இணைப்புகள் குறையும், ஒழுக்கும் குறையும். கனத்தைத் தாங்க நேர் கீழே தடித்த சுவர் இருக்கிறது. வெட்டியெடுத்த கல்லில் சிறியது, பெரியது என்று எதுவும் வீணாவதுமில்லை.

அந்தப் பக்கத்தில் கல் ஓட்டுக்குப் பேர்போன ஊர் ஸ்டோன்ஸ்ஃபீல்ட். அந்தக் காலத்தில் தோண்டியெடுத்த கல்லை ஈரம் காயாமல் குளிர்காலம்வரை காப்பாற்றி வைப்பார்கள். உறைபனி இறங்கியதும் உள்ளேயிருக்கும் நீர் உறைந்து விரிய, கல் ஏடு ஏடாகப் பிளந்துவிடும். ஓரத்தைத் தட்டிச் சீராக்கி, துளையிட்டு, ஓக் மர முளையால் ரீப்பரில் மாட்டுவார்கள். இத்தனை பொறுமையான வேலையை நினைத்தாலே கைகூப்பத் தோன்றுகிறது.

1871இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், ஓவியர் ரொசெட்டியுடன் சேர்ந்து இந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். இன்று மாரிஸின் வீடு என்றே சொல்கிறார்கள். கட்டியவர்கள் மறைந்துபோனதில் எனக்கு வருத்தம்தான். மாரிஸின் பெருமை, அந்த வீட்டை அதன் போக்கில் வாழவிட்டது. பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதுப்பிக்கும் வெறி நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. அதை எதிர்த்து 1877இல் கட்டடக்கலைஞர் பிலிப் வெப் முதலானோருடன் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக்கொடு, மற்றபடி கைவைக்காதே என்பதுதான் அவர்கள் வாதம். நூற்றுக்கு நூறு சரி என்பேன்.

என் கோபமெல்லாம் பழைய கல் சுவரில் பூசும் சிமெண்ட் மீது. சுண்ணாம்புக் காரை சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. போக வழியில்லாத ஈரம் கல்லுக்குள்ளேயே தேங்கி, பனியில் உறைந்து, கல்லின் முகத்தைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். பலமாக்குகிறோம் என்று நம்பித்தான் இதைச் செய்கிறார்கள், அதுதான் கொடுமை. கல் வீடு வாங்குகிறவர்கள் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். கூலி கூடுதலாகும், கொடுங்கள்.