மூன்று விநாடிக்கு ஒரு குறி

பாடம் நடக்கும்போது வகுப்பறையைப் பார்வையிட்டு மதிப்பிட, 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் ஐந்து புள்ளி அளவுகோல் ஒன்றே போதும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 'நன்று', 'சுமார்' என்று எழுதித் தந்தால் எதை மாற்றுவது என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

பி.எட். தேர்வோடு பலரும் மறந்துவிடும் பிளாண்டர்ஸ் முறை, அதாவது வகுப்பில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை எண்களாகக் குறிக்கும் முறை, இங்கே உதவும். பார்வையிடுபவர் 3 விநாடிக்கு ஒரு எண் எழுதுவார். 20 நிமிடத்தில் 400 குறிகள். 1 முதல் 7 வரை ஆசிரியர் பேச்சு, 8 மாணவர் பதில், 9 மாணவர் தாமாகத் தொடங்கும் பேச்சு, 10 அமைதி அல்லது குழப்பம். 9 எத்தனை முறை விழுந்தது என்று எண்ணினாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஆனால் இதில் ஓட்டைகளும் உண்டு. "புரிஞ்சுதா?" என்றதும் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று கத்துவதும், ஒரு பிள்ளை யோசித்துச் சொல்லும் விடையும் ஒரே 8. கூட்டுப் பதிலுக்கு 8கூ என்று தனிக்குறி வையுங்கள். பிள்ளைகள் அமைதியாகக் கணக்குப் போடுவதும் 10-இல்தான் விழும். அதனால் எழுத்துப் பயிற்சி, குழுச் செயல்பாடு நடக்கும்போது இந்த முறை வேண்டாம். அதற்குப் பதில் பிள்ளைகளின் நாலைந்து நோட்டுகளைப் பாருங்கள், அதில் இரண்டாவது கடைசி வரிசையில் இருப்பவர்களுடையதாக இருக்கட்டும்.

பின்பெஞ்சில் உட்காராதீர்கள், முதுகுதான் தெரியும். முன்பக்க ஓரமே சரி. ஒரே பாடத்தை இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிட்டுப் பழகாமல் பள்ளிக்குப் போனால் எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். முதல் நாள் ஆசிரியரும் பிள்ளைகளும் விறைப்பாகவே இருப்பார்கள். குறைந்தது மூன்று பாடவேளையாவது பாருங்கள்.