கட்சிக்காரர் கைக்குப் போகாத கேலிப்படம்

வக்கீல் நண்பர் ஒருவர் புது ஆபீஸ் திறக்கிறார். வக்கீல்களையும் ஜட்ஜுகளையும் கிண்டல் செய்கிற மாதிரி ஒரு எச்சிங், அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சடிக்கும் படம், பண்ணித் தரச் சொன்னார். மொத்தம் ஐம்பதே பிரதி. ஒவ்வொன்றிலும் பென்சிலால் 1/50, 2/50 என்று எண் போட்டுக் கையெழுத்து. அதோடு, இனி யாரும் பிரதி எடுக்க முடியாதபடி தகட்டைக் குறுக்கே கீறிவிட வேண்டும். பிரதிகள் அவருக்கும் சக வக்கீல்களுக்கும் மட்டும். நான் முடியாது என்றேன். அவருக்கு வருத்தம்தான். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1758-இல் லண்டனில் வெளியிட்ட 'தி பெஞ்ச்' படத்தைப் பாருங்கள். முன்னால் தலைமை நீதிபதி, தலையில் பெரிய விக், கையில் இறகுப் பேனா. பக்கத்திலேயே ஒரு நீதிபதி நன்றாகத் தூங்குகிறார். தொங்கிப்போன அந்தக் கன்னத்தின் நிழல் முழுக்கக் கோடு கோடாகப் போட்டது. கருப்பு மை அடைத்த ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மனிதனின் கோபம் இருக்கிறது. இருக்காதா? அவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா கடனுக்காக ஃப்ளீட் சிறையில் கிடந்தவர். ஹோகார்த் தான் சாவதற்குச் சில நாள் முன்புவரைகூட இந்தத் தகட்டில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

இதே ஹோகார்த்தான், கள்ளப் பிரதி அடிப்பவர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று மற்ற ஓவியர்களோடு சேர்ந்து பார்லிமென்ட்டில் மனுக் கொடுத்தவர். 1735-இல் சட்டம் வந்தது. படத்தின் உரிமை 14 வருஷம் வரைந்தவருக்கே. சட்டத்தை நம்பிப் போனவர் அவர். அதனால்தான் பெஞ்சில் ஒருவர் தூங்கினால் அவருக்கு அப்படிப் பொறுக்கவில்லை.

ஜின் என்ற சாராயத்தின் கொடுமையைக் காட்டும் 'ஜின் லேன்' படத்தை 1751-இல் ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். நிறையப் பேர் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. அச்சுக்கலையின் உயிரே அதுதானே? மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை தடவித் துணியால் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளையில் இழுக்கிறோம். இத்தனை பாடும் ஒரு படத்தைப் பலதாக்கத்தான். நல்ல செப்புத் தகடு நூற்றுக்கணக்கான பிரதி தாங்கும். தேய்வதற்கு முன்பே நானே அதைக் கீறிக் கொல்வதா?

எண் போட்டு விற்பதே தப்பு என்று சொல்லவில்லை. பூவை, மலையை வரைந்தால் நானும் அப்படி விற்பேன், வயிற்றுப்பாடு இருக்கிறது. நீதிமன்றத்தைக் கேலி செய்யும் படம் வேறு. அதில் சிரிக்க முதல் உரிமை வழக்குக்காக அலைகிற கட்சிக்காரருக்கு.

நிலத் தகராறு ஒன்றுக்காக எங்கள் அம்மா பதினொரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். மஞ்சப்பையில் பத்திரம், தூக்குச்சட்டியில் தயிர்சாதம். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது, "வாய்தா போட்டுட்டாங்க" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். வக்கீல்கள் தங்களுக்குள் பரிசு கொடுத்துச் சிரித்துக்கொள்ளும் படத்தில் அம்மாவுக்கு எங்கே இடம்?

நண்பரிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். தகடு தேயும்வரை அடிக்கிறேன், எண் கிடையாது, தாள் விலைக்குக் கோர்ட் வாசலில் விற்கலாம், முதல் பிரதி உங்களுக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.